சொல் போன வழி – 17: ஊர்னிங் போன ஊர்

1867 ஆகஸ்ட் 29. மியூனிக் நகரத்தின் ஓடியான் மண்டபத்தில் ஜெர்மானியச் சட்ட அறிஞர்களின் மாநாடு. நீதிபதிகளும் பேராசிரியர்களும் வக்கீல்களுமாக 500 பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடைப் படியில் ஏறுகிறவருக்கு முந்தைய நாள்தான் 42 வயது நிறைந்தது. கையில் எழுதி எடுத்துவந்த தாள்கள். அப்போது நெஞ்சு அடித்துக்கொண்டதைப் பிற்பாடு அவரே எழுதிவைத்திருக்கிறார்.

கார்ல் ஹைன்ரிக் உல்ரிக்ஸ். ஹனோவர் நாட்டின் அரசுப் பணியிலிருந்து 1854-இல் விலகிய சட்டக்காரர். அவர் கேட்க வந்தது ஒன்றுதான்: எந்தக் குற்றமும் செய்யாத ஒரு வகை மனிதர்களைச் சில ஜெர்மானிய நாடுகளின் தண்டனைச் சட்டம் வேட்டையாடுகிறது, அதைத் திருத்த வேண்டும். எந்த வகை மனிதர்கள் என்பது சபைக்குப் புரியத் தொடங்கியதும் கூச்சல் கிளம்பியது. நிறுத்து, நிறுத்து என்று ஒரு பக்கம். பேசவிடு என்று வேறொரு பக்கம். தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: மீதியை லத்தீனில் சொல்லுங்களேன். உல்ரிக்ஸ் தாள்களை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினார்.

அந்த லத்தீனை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

சென்ற வாரம் பார்த்த க்வேக்கர்கள், எதிரி வைத்த வசைப்பெயரையே எடுத்து உடுத்திக்கொண்டவர்கள். இந்த வாரக் கதை தலைகீழ். தங்களுக்குத் தாங்களே ஆசையாகப் பெயர் சூட்டிக்கொண்டு, அந்தப் பெயர் தங்கள் கையைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களின் கதை.

ஆணை விரும்பும் ஆணுக்கு 1860-களின் ஜெர்மன் மொழியில் என்ன பெயர் இருந்தது? வேதாகமத்தில் எரிந்துபோன ஊரின் பெயரால் ஒரு வசை. கிரேக்கத்திலிருந்து வந்து, நீதிமன்றத்தில் குற்றத்தின் பெயராக மாறிய ஒரு சொல். தெருவில் ‘சூடான சகோதரன்’ என்று ஒரு கேலி. மூன்றும் அடுத்தவனைச் சுட்டிச் சொல்லும் சொற்கள். ‘நான் இன்னார்’ என்று ஒருவன் தன் வாயால் சொல்லிக்கொள்ள உதவுவது ஒன்றுகூட இல்லை.

உல்ரிக்ஸ் உருவாக்கியது அப்படி ஒரு சொல்லைத்தான். நூமா நூமான்டியஸ் என்ற புனைபெயரில் 1864-இல் அவர் சிறு நூல்கள் வெளியிடத் தொடங்கினார். 1879-க்குள் பன்னிரண்டு ஆயிற்று. சொல்லைத் தேடி அவர் போன இடம் பிளேட்டோவின் ‘விருந்து’. அங்கே பாசனியாஸ் என்பவன், அஃப்ரடைட்டி ஒருத்தி அல்ல, இருவர் என்கிறான். தாயே இல்லாமல் வானக் கடவுள் யுரேனஸிடமிருந்து பிறந்தவள் யுரேனியா. ஆண்கள் ஆண்களிடம் கொள்ளும் காதல் அவள் பொறுப்பு. ஜீயஸுக்கும் டயோனிக்கும் பிறந்த மற்றவள் ஊருக்கெல்லாம் பொது. யுரேனியாவின் பிள்ளையை உல்ரிக்ஸ் ‘ஊர்னிங்’ என்றார். (அணு உலையில் எரியும் யுரேனியத்துக்கும் மூலம் அதே யுரேனஸ்தான். ஒரே வானத்திலிருந்து எத்தனை விழுந்திருக்கின்றன பாருங்கள்.)

அவருடைய சாமர்த்தியம் அந்தச் சொல்லில் இல்லை, அதன் ஜோடியில் இருக்கிறது. டயோனியின் பிள்ளைகளுக்கு ‘டியோனிங்’ என்று பெயர் வைத்தார். அதாவது மற்ற எல்லோருக்கும்! அதுவரை பெயரே தேவைப்படாமல் ‘மனிதர்’ என்று மட்டும் இருந்த பெரும்பான்மைக்கு முதல்முறையாக ஒரு பெயர்ப்பலகை மாட்டப்பட்டது. நீ ஒரு வகை, நான் ஒரு வகை, இருவரும் ஒரே பட்டியலில். கோபம் வந்தவர்களுக்கு, ஊர்னிங் என்ற சொல்லைவிட டியோனிங் என்ற சொல்மீதுதான் அதிகம் கோபம் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஊர்னிங் என்பவன் யார்? ஆண் உடம்பில் அடைபட்ட பெண் ஆன்மா. இதுதான் உல்ரிக்ஸின் முதல் இலக்கணம். எளிமையாக இருந்தது, தன்னை வைத்துப் பார்த்துச் சொன்னது. நூல்கள் பரவின. கடிதங்கள் வந்தன. அங்கே சிக்கல் ஆரம்பித்தது. எழுதியவர்களில் பலர் ‘என்னிடம் பெண்மை எதுவும் இல்லையே’ என்றார்கள். சிலருக்கு இரு பாலரையும் பிடித்திருந்தது. பெண்ணை விரும்பும் பெண்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி இருந்தது. உல்ரிக்ஸ் யாரையும் வெளியே தள்ளவில்லை, சொற்களைக் கூட்டிக்கொண்டே போனார். ஆண்மை மிக்க ஊர்னிங்குக்கு ‘மான்லிங்’, பெண்மை மிக்கவனுக்கு ‘வைப்லிங்’, நடுவில் நிற்பவனுக்கு ‘இடை ஊர்னிங்’, இரண்டு பக்கமும் நாட்டமுள்ளவனுக்கு ‘யுரேனோ டியோனிங்’, பெண்ணுக்கு ‘ஊர்னிங்கின்’. சிறையிலும் படையிலும் வேறு வழியில்லாமல் ஊர்னிங்போல் நடந்துகொள்ளும் டியோனிங்குக்குக்கூட ஒரு பெயர் உண்டு. சில ஆண்டுகளில் அது விதி, புறனடை, புறனடைக்குப் புறனடை என்று ஒரு முழு இலக்கண நூலாகிவிட்டது.

இதைப் படித்துச் சிரிப்பது சுலபம். நானும் முதலில் சிரித்தேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சொல்லை முதலில் நகர்த்தியவர்கள் டாக்டர்களோ போலீஸ்காரர்களோ இல்லை. அந்தச் சொல்லுக்குள் குடியேற வந்தவர்களேதான். வீடு கட்டியவர் தன் உயரத்துக்கு வாசல் வைத்தார். வந்தவர்களுக்கு வேறு வேறு உயரம்.

லண்டனில் உல்ரிக்ஸின் நூலொன்றின் பிரதி காரல் மார்க்ஸ் கைக்குப் போய், அவர் அதை எங்கெல்ஸுக்கு அனுப்பிவைத்தார். 1869 ஜூனில் எங்கெல்ஸ் எழுதிய பதில் முழுக்க நையாண்டி. உலகத் தொழிலாளர்களை ஒன்றுசேரச் சொன்னவர்களுக்கு இந்தக் கூட்டம் ஒன்றுசேர்வது வேடிக்கையாகத் தெரிந்திருக்கிறது.

உல்ரிக்ஸுக்கு அத்தனை அவசரம் ஏன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு கிடையாது. பவேரியாவில் 1813 முதலே ஆணும் ஆணும் கூடுவது தண்டனைக்குரிய குற்றம் இல்லை. உல்ரிக்ஸின் ஹனோவரிலும், ஊரறியச் சந்தி சிரிக்க நடந்தால் ஒழிய, கேள்வி இல்லை. பிரஷ்யாவிலோ 143-ஆம் பிரிவு என்று ஒன்று சிறைக்கு அனுப்பும். 1866-இல் பிரஷ்யா ஹனோவரை விழுங்கியது. அதை எதிர்த்துப் பேசியதற்காக உல்ரிக்ஸ் இரண்டு முறை சிறை போனார். வீட்டிலிருந்த தாள்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஜெர்மனி ஒன்றாகும்போது யாருடைய சட்டம் எல்லோருக்கும் சட்டமாகும் என்பது கண்ணுள்ள எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மியூனிக் மேடையில் அவர் ஏறியது அந்தப் பயத்தில்.

இப்போது இரண்டாவது ஆள்.

வியன்னாவில் 1824-இல் கார்ல் மரியா பென்கர்ட்டாகப் பிறந்து, 1847-இல் கெர்ட்பெனி என்று ஹங்கேரியப் பெயருக்கு மாறியவர். ஹங்கேரியின் மகாகவி பெட்டோஃபியை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர். ஊர் ஊராகத் திரிந்தவர். எல்லாப் பெரிய மனிதர்களையும் தெரியும் என்பவர். கடன்காரர். புத்தகக்கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு ஒரு நண்பன் இருந்தான். அவனுடைய இந்த ரகசியத்தை வைத்து எவனோ பணம் கேட்டு மிரட்ட, அவன் தற்கொலை செய்துகொண்டான். தன்னை இந்த விஷயத்துக்கு இழுத்துவந்தது அந்தச் சாவு என்று கெர்ட்பெனி எழுதினார். தான் மட்டும் அப்படிப்பட்டவன் இல்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டார். நம்புவதும் நம்பாததும் நம் இஷ்டம்.

1868 மே 6-ஆம் தேதி உல்ரிக்ஸுக்கு அவர் எழுதிய கடிதத்தின் வரைவு கிடைத்திருக்கிறது. அதில்தான் ‘ஹோமோசெக்ஷுவல்’, ‘ஹெட்டரோசெக்ஷுவல்’ என்ற இரண்டு சொற்களும் முதன்முதலில் தலைகாட்டுகின்றன. உலகத்தின் எல்லா மருத்துவமனைகளிலும் எல்லா நீதிமன்றங்களிலும் பின்னர் புழங்கிய சொற்கள் பிறந்த இடம், மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் கடித வரைவு. மறு ஆண்டு, பிரஷ்ய நீதி அமைச்சருக்கு முகவரியிட்டு அவர் பெயர் போடாமல் வெளியிட்ட இரண்டு நூல்களில் ‘ஹோமோசெக்ஷுவல்’ அச்சேறியது. அங்கே அதற்கு ஜோடி ‘நார்மல்செக்ஷுவல்’.

கெர்ட்பெனியின் வாதம் உல்ரிக்ஸினுடையதைவிடக் கூர்மை என்று எனக்குத் தோன்றுகிறது. பிறவியிலேயே இப்படித்தான் என்று நிரூபிப்பதில் பயனில்லை, ஆபத்தும்கூட என்றார் அவர். கொலைவெறியோடு பிறந்தவனும்தான் இருக்கிறான். பிறவிக்குணம் என்பதற்காகச் சட்டம் அவனை விட்டுவிடுமா? ஆன்மாவைப் பற்றிப் பேசாதீர்கள். இரண்டு வயதுவந்தவர்கள் மனமொப்பி, அடுத்தவருக்குக் கேடில்லாமல் செய்வதில் அரசுக்கு என்ன வேலை என்று கேளுங்கள். அதனால் அவர் சொல்லும் வறட்டுச் சொல். கிரேக்கத்தில் பாதி, லத்தீனில் பாதி. தேவதை இல்லை, வானம் இல்லை, ஆன்மா இல்லை. அரசாங்கப் படிவத்தில் நிரப்புகிற மாதிரி ஒரு சொல். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

படிவத்தில் நிரப்பலாம் என்றால் எந்தப் படிவத்திலும் நிரப்பலாம். அதை அவர் யோசிக்கவில்லை.

1869-இல் பிரஷ்ய அரசு தன் மருத்துவக் குழுவிடம் கருத்துக் கேட்டது. பெரிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஷோ இருந்த குழு. தண்டிக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை என்றது குழு. அரசோ மக்களின் நியாய உணர்வு ஒப்பாது என்று சொல்லிச் சட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டது. 143 என்ற எண் 152 ஆகி, ஒன்றுபட்ட ஜெர்மனியில் 175 ஆயிற்று. அந்த 175-க்கு ஆயுசு 1994 வரை.

கெர்ட்பெனியின் சொல் அங்கேயே செத்திருக்க வேண்டும். அதைக் காப்பாற்றியவர் ஸ்டுட்கார்ட்டின் கம்பளிப் பேராசிரியர் குஸ்டாவ் யேகர். விலங்கியலாளர். மனிதன் கம்பளியைத் தவிர வேறெதையும் மேலில் போடக்கூடாது என்று பிரசாரம் செய்தவர். லண்டனில் 1880-களில் தொடங்கிய ‘யேகர்’ துணிக்கடைக்கு அவர் பெயர்தான். ஆன்மா என்பது வாசனையே என்பது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு. நறுமணமாக இருந்த ‘நாற்றம்’ என்ற சொல்லுக்கு நம்மிடம் என்ன கதி நேர்ந்தது என்று தெரிந்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம். 1880-இல் அவர் ஆன்மாவின் கண்டுபிடிப்பு பற்றிய தம் நூலை விரித்து எழுதியபோது கெர்ட்பெனி எழுதித் தந்த குறிப்புகளைப் பயன்படுத்தினார். முழுசாகப் போடத் துணிவில்லை. ஆளின் பெயரையும் சொல்லவில்லை, ‘டாக்டர் எம்’ என்று விட்டுவிட்டார். 1882-இல் கெர்ட்பெனி புடாபெஸ்டில் இறந்தபோது, ஒரு சொல்லைப் பெற்றவர் என்று அவரை அறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

யேகரின் நூலிலிருந்து சொல்லை எடுத்துக்கொண்டவர் ரிச்சர்ட் ஃபான் க்ராஃப்ட் எபிங். ஆஸ்திரியாவின் மனநல மருத்துவர், கிராட்ஸில் பேராசிரியர், பிறகு வியன்னாவில். 1886-இல் அவர் வெளியிட்ட ‘சைக்கோபதியா செக்ஷுவாலிஸ்’, பாலுணர்வுக் கோளாறுகளின் பட்டியல். விவகாரமான பகுதிகள் வரும்போதெல்லாம் ஜெர்மன் நின்று லத்தீன் தொடங்கிவிடும். 1902-இல் அவர் இறப்பதற்குள் பன்னிரண்டு பதிப்பு ஓடியது. ஒவ்வொரு பதிப்பிலும் புத்தகம் தடித்தது. அடுத்தடுத்த பதிப்புகளில் ‘ஹோமோசெக்ஷுவல்’ உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அரசே, உனக்கு இங்கே வேலையில்லை என்று சொல்லப் பிறந்த சொல்லுக்கு, டாக்டரே, உமக்கு இங்கே வேலை இருக்கிறது என்று பொருளாகிவிட்டது.

இதில் கசப்பான ஒரு தகவல் உண்டு. இந்தத் துறையின் பக்கம் தன்னைத் திருப்பியதே உல்ரிக்ஸ் அனுப்பிய நூல்கள்தாம் என்று க்ராஃப்ட் எபிங் அவருக்கே 1879-இல் எழுதினார். மருத்துவர்கள் புரிந்துகொண்டால் சட்டம் இளகும் என்று நம்பித்தான் உல்ரிக்ஸ் நூல்களை அனுப்பினார். டாக்டர்களும் புரிந்துகொண்டார்கள், வேறு மாதிரி. க்ராஃப்ட் எபிங் கெட்டவர் இல்லை. நோயாளியைச் சிறையில் போடக்கூடாது என்றார். 175-ஐ நீக்கக் கோரிய மனுவில் பின்னாளில் கையெழுத்தும் போட்டார். இரக்கம் அவரிடம் இருந்தது. ஆனால் ‘நோயாளி’ என்ற சொல்லும் அந்த இரக்கத்தோடு ஒட்டிக்கொண்டே வந்தது.

உல்ரிக்ஸ் 1880-இல் இத்தாலிக்குப் போய்விட்டார். லாக்விலா என்ற மலையூரில் தங்கி, தம் கடைசி ஆண்டுகளில் ‘அலாவ்தே’, அதாவது வானம்பாடிகள், என்று ஒரு சிற்றிதழ் நடத்தினார். முழுக்க லத்தீனில். மியூனிக் சபை கேட்ட லத்தீன்! ஆனால் அதில் ஊர்னிங் பேச்சு இல்லை. கவிதையும் மொழியும் ஊர்ச் செய்தியும்தான். 1895 ஜூலையில் இறந்தார்.

அதற்குள் அவருடைய சொல் கடல் தாண்டி ஆங்கிலத்தில் ‘யுரேனியன்’ ஆகியிருந்தது. அதைப் பெரிதும் புழங்கியவர்களில் ஒருவர் ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் கார்ப்பென்டர். இந்த இடத்தில் நம் ஆட்கள் கதைக்குள் வருகிறார்கள், வலிந்து இழுக்காமலே.

கார்ப்பென்டர் கேம்பிரிட்ஜில் இருந்தபோது அங்கே படிக்க வந்த இலங்கைத் தமிழர் பொன்னம்பலம் அருணாசலம் அவருக்கு நண்பரானார். பின்னாளில் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரான அதே சர் அருணாசலம்தான். 1890-இல் அவர் குருநாகலில் நீதிபதி. கார்ப்பென்டர் கப்பல் ஏறி அவரிடம் வந்தார். அருணாசலம் தம் குருவிடம் அவரை அழைத்துப் போனார். ராமசாமி என்ற அந்தத் துறவிக்கு ‘இலக்கணம்’ என்றே ஒரு பெயர் உண்டு. இலக்கணம் சொல்லிக்கொடுப்பதில் கெட்டிக்காரர் என்பதால் வந்த பெயர். குரு தமிழில் சொன்னதெல்லாம் மொழிபெயர்ப்பாகக் கார்ப்பென்டரின் காதில் விழுந்தது. நான் என்ற எண்ணம் உதிர்ந்த இடத்தில் ஆண் பெண், பெரியவன் சின்னவன் என்ற பேதங்களும் உதிரும் என்ற போதனை அவரை ஆட்டிவிட்டது. 1892-இல் வெளிவந்த ‘ஆடம்ஸ் பீக்கிலிருந்து எலிஃபண்டா வரை’ என்ற பயண நூலில் அந்த நாட்களுக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறார்.

இங்கிலாந்து திரும்பிய இந்த மனிதர், இலக்கணச் சாமியாரின் மாணவர் ஆயிற்றே, சொல்லைப் பொறுத்தவரை ஆசாரம் பார்த்தார். ஹோமோசெக்ஷுவல் என்பது கிரேக்கமும் லத்தீனும் முறையில்லாமல் கூடிப் பெற்ற சொல் என்று முகம் சுளித்து, இரண்டு பாதியும் கிரேக்கமான ‘ஹோமோஜெனிக்’ என்பதை முன்வைத்தார். 1894-இல் அதே பெயரில் ஒரு சிறுநூல். மறு ஆண்டே ஆஸ்கர் வைல்ட் சிறைக்குப் போனார். பதிப்பாளர்கள் கார்ப்பென்டரைக் கண்டால் ஓடினார்கள். ‘ஹோமோஜெனிக்’ யார் வாயிலும் நிற்கவில்லை. ‘யுரேனியன்’ இன்னும் கொஞ்ச காலம் கவிஞர் குழாம் ஒன்றின் அடையாளமாக, விடலைகளைப் பாடும் சலித்துப்போன கவிதைகளின் முத்திரையாக இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு அதுவும் ஓய்ந்தது. உல்ரிக்ஸின் ஊர்னிங் வக்கீல் நோட்டீஸ். இங்கிலாந்தில் அது வாசனைத் தைலப் புட்டியின் லேபிள் ஆகிவிட்டது.

பெர்லினில் வேறு சண்டை. மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற டாக்டர் 1897-இல் 175-ஐ நீக்குவதற்கென்றே ஒரு குழு அமைத்தார். அடுத்த ஆண்டு உல்ரிக்ஸின் நூல்களை மறுபதிப்புச் செய்தார். உல்ரிக்ஸ் விட்டுச்சென்ற ‘மூன்றாம் பால்’ என்ற கருத்து அவர் கையில் கொடியாயிற்று. அதே ஊரில் ‘டெர் ஐகனே’ என்ற இதழை 1896 முதல் நடத்திய அடோல்ஃப் பிராண்டுக்கும் அவர் நண்பர்களுக்கும் அந்தக் கொடியைக் கண்டாலே எரிச்சல். நாங்கள் மூன்றாவதும் இல்லை, பாதிப் பெண்ணும் இல்லை, முழு ஆண்கள் என்றார்கள். சட்டம் இரண்டு கட்சிக்கும் ஒன்றுதான். சொல்லுக்காக அவர்கள் போட்ட சண்டையில் தாள் தாளாக மை செலவாயிற்று. 1919-இல் ஹிர்ஷ்ஃபெல்ட் பாலியல் ஆய்வு நிலையம் ஒன்றைத் திறந்தார். 1933 மே 6-ஆம் தேதி நாஜி மாணவர்கள் அதைச் சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்துப் புத்தகங்கள் நெருப்பில். கெர்ட்பெனி அந்தக் கடிதத்தை வரைந்த நாளிலிருந்து, நாள் பிசகாமல் 65 ஆண்டு.

பிறகு நடந்ததற்கு நீண்ட விவரிப்பு தேவையில்லை. 1935-இல் பிரிவு 175-ஐ இன்னும் அகலமாக்கினார்கள். நாஜிகள் காலத்தில் தண்டனை பெற்றவர்கள் சுமார் 50,000 பேர். முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களின் சட்டையில் இளஞ்சிவப்பு முக்கோணம். போர் முடிந்த பிறகும் மேற்கு ஜெர்மனி நாஜி காலத்துச் சட்ட வாசகத்தையே 1969 வரை வைத்திருந்தது. அங்கேயும் கிட்டத்தட்ட அதே அளவு பேர் தண்டனை பெற்றார்கள்.

கெர்ட்பெனி பெற்ற இன்னொரு பிள்ளையை மறந்துவிட்டோம். ‘ஹெட்டரோசெக்ஷுவல்’. அதன் கதை வேடிக்கையானது. 1892-இல் சிக்காகோ மருத்துவர் கீயர்னன் எழுதிய கட்டுரையில் அதுவும் ஒரு கோளாறுதான். இரு பாலரிடமும் நாட்டம் என்ற பொருளில். அமெரிக்காவின் வெப்ஸ்டர் அகராதி 1909-இல் ஹோமோசெக்ஷுவாலிட்டிக்கு இடம் கொடுத்து, ஒரே பாலர்மீது நோய்த்தன்மையுள்ள மோகம் என்று பொருள் போட்டது. ஹெட்டரோசெக்ஷுவாலிட்டி அதே அகராதியில் நுழைந்தது 1923-இல். பொருள்? எதிர்ப்பாலர்மீது நோய்த்தன்மையுள்ள மோகம்! நாட்டில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பதினோரு ஆண்டு அகராதிப்படி நோயாளிகளாக இருந்துவிட்டு, 1934-இல் வந்த அடுத்த பதிப்பில் குணமானார்கள். அப்போது அதற்கு இயல்பான பாலுணர்வு என்று பொருள். மற்றச் சொல்லுக்கு அத்தனை சீக்கிரம் குணமாகவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப்பட்டியலிலிருந்து அதை எடுத்தது 1973-இல்.

தமிழில் அது வந்த கோலத்தையும் ஒரு நிமிடம் பார்க்கலாம். நம் பத்திரிகைகள் ‘ஓரினச்சேர்க்கை’ என்று ஆக்கின. கெர்ட்பெனியின் மூலச் சொல்லில் ‘சேர்க்கை’ இல்லை. அது நாட்டத்தைச் சொன்னது, தமிழ் செயலைச் சொன்னது. ஒருவர் தனியாக வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் அவர் ‘ஓரினச்சேர்க்கையாளர்’. பெயருக்குள்ளேயே படுக்கையைப் போட்டு வைத்திருக்கிறோம். ‘தன்பாலீர்ப்பு’ என்று சம்பந்தப்பட்டவர்கள் மாற்றிச் சொல்லத் தொடங்கியதில் இந்த வலி இருக்கிறது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்த வழக்கையொட்டி, எந்தச் சொல்லால் அழைப்பது என்பதே விசாரணைக்கு உரிய பொருளாயிற்று. 2022-இல் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. உல்ரிக்ஸின் பட்டியல் தனி ஆள் போட்டது. இது அரசாங்க முத்திரையோடு. எது அதிக நாள் நிற்கும் என்று பந்தயம் கட்ட நான் தயாராக இல்லை.

நோயின் பெயரை உடுத்திக்கொண்டு எத்தனை நாள் நடப்பது? அமெரிக்காவில் இவர்களின் உரிமைக்காக 1950-இல் தொடங்கிய மட்டாசின் சங்கத்தார் காலத்தில் ‘ஹோமோஃபைல்’ என்று ஒரு சொல் புழங்கியது. ‘செக்ஸ்’ என்ற பகுதியை வெட்டிவிட்டு அன்பு என்ற பகுதியை ஒட்டவைத்த சொல். மரியாதையான, கழுத்துப்பட்டை கட்டிய சொல். 1969-க்குப் பிறகு வந்த இளைஞர்களுக்கு அந்த மரியாதை பிடிக்கவில்லை. ‘கே’ என்று ஒற்றை எழுத்தாக உரக்கச் சொன்னார்கள். ஜெர்மானிய இளைஞர்கள் இன்னும் கீழே இறங்கி ‘ஷ்வூல்’ என்ற தெருவசையையே எடுத்துக்கொண்டார்கள். புழுக்கத்தைக் குறிக்கும் சொல்லின் பிள்ளை அது. நாம் ஆரம்பத்தில் பார்த்த அந்தச் ‘சூடான சகோதரன்’ நூறு ஆண்டு கழித்துத் தன் காலில் திரும்பி வந்துவிட்டான்.

ஆக 1980-களில் ஊர்னிங் என்ற சொல்லைத் தெரிந்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள் மட்டும்.

அந்தப் பத்தாண்டின் இறுதியில், பிரிட்டனில் மார்கரெட் தாட்சரின் அரசு உள்ளாட்சிகளும் அவற்றின் பள்ளிகளும் தன்பாலீர்ப்பை ஊக்குவிக்கக் கூடாது என்று 28-ஆம் பிரிவு என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பான் நகரத்து மேற்கு ஜெர்மன் நாடாளுமன்றத்தில் பசுமைக் கட்சியினர் அதைக் கண்டித்து ஒரு தீர்மானம் கொடுத்தார்கள். தலைப்பில் ‘ஷ்வூல்’, ‘லெஸ்பியன்’ இரண்டுக்கும் ஜெர்மன் பன்மை இருந்தது. அவை இன்னும் சபையில் சொல்லத்தக்க சொற்கள் ஆகவில்லை என்று அவைத்தலைமை தலைப்பை ஏற்க மறுத்தது. கட்சிக்காரர்கள் சண்டை போட்டுப் பார்த்தார்கள். பிறகு யாரோ பழைய புத்தகம் படித்தவர் இருந்திருக்க வேண்டும். தலைப்பை மாற்றிக் கொடுத்தார்கள்: பிரிட்டனின் ஊர்னிங்குகள், ஊர்னிங்கியர் ஆகியோரின் உரிமைகள் குறித்து.

யார் காதையும் உறுத்தாத சொல். தீர்மானம் அச்சாகி, எண் போடப்பட்டு, உறுப்பினர்களின் மேசைக்கு வந்தது. உல்ரிக்ஸை இந்த முறை யாரும் லத்தீனில் பேசச் சொல்லவில்லை.

(தொடரும்)